கார் வித்தாச்சா என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, மழை, உடம்பு, மாத்திரை எல்லாம் விசாரித்து முடித்ததும் "கார் வித்தாச்சாம்மா?" என்று கேட்டாய். அதற்கு முந்தின ஞாயிறும் அதையே கேட்டாய். அடுப்பில் சாம்பார் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு நான் சாம்பாரே வைக்கவில்லை. அப்பா எங்கே என்று கேட்டதற்கு ஷெட்டில் இருக்கிறார் என்றேன். அது மட்டும் உண்மை.

உன் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். காரை விற்கவில்லை, ஏசியைச் சரிசெய்துவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் நான் வாழ்நாள் முழுக்க அறிவியல் பாடம் எடுத்தவள். விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாத பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் அதே சட்டம்தான். அதனால் வழியையும் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. திண்டிவனத்தில் நம் தெருவிலேயே உறை போட்டு மூடிய கார் நம்முடையது மட்டும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

நீ கனடா கிளம்பியபோது காரின் சாவியை அப்பா கையில் கொடுத்து, "ரெண்டு வருஷம்தாம்பா, வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் நீங்க நல்லா ஓட்டுங்க" என்றாய். அப்பாவின் காதில் முதல் வாக்கியம் மட்டுமே விழுந்தது. மறுநாளே ஷெட்டுக்குத் தகரம் மாற்றினார். சீட்டின் மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க வேண்டாம், அவன் வந்து கிழித்துக்கொள்ளட்டும் என்றார். வாரம் ஒருமுறை துடைப்பார், இன்ஜினைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் உறும விடுவார், அணைத்துவிட்டு உறையை மூடுவார். ஏசியை மட்டும் போட மாட்டார். "ஓடினா தேஞ்சிடும், புள்ள வந்து பாக்கும்போது புதுசா இருக்கணும்" என்பார். திருவாமாத்தூர் கோயிலுக்குப் பேருந்தில் போனோம். உன் மாமன் மகள் கல்யாணத்துக்கு, பட்டுப்புடவையோடு, பேருந்தில் நின்றுகொண்டே போனேன். வீட்டில் கார் இருக்கிறதே என்று உறவுக்காரர்கள் கேட்டால், "அது பையன் வண்டிங்க" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவர்கள் சிரிப்பது அவருக்குப் புரியாது.

அவர் அப்படிப்பட்டவர்தான். நீ மூன்றாவது படிக்கும்போது தீபாவளிக்கு வாங்கிய ஷூ நினைவிருக்கிறதா? பள்ளி ஆண்டு விழாவுக்குப் போடலாம் என்று அலமாரியில் எடுத்து வைத்தார். ஆண்டு விழா வந்தபோது உன் கால் அதற்குள் நுழையவில்லை. நீ அழுது புரண்டாய். "வாங்கினா அன்னிக்கே போட்டுடணும்பா" என்று அந்த வயதிலேயே அவருக்குப் பாடம் எடுத்தாய். உன்னை மடியில் வைத்துக்கொண்டு "சரிடா, சரிடா" என்றார். கற்றுக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு நெஞ்சடைப்பு வந்த பிறகுதான் கார் ஷெட்டை விட்டு ஒழுங்காக வெளியே வந்தது. விழுப்புரத்து டாக்டர் மாதா மாதம் வரச் சொன்னார், பேருந்து நெரிசல் வேண்டவே வேண்டாம் என்றார். நான் சண்டை போட்டுச் சாவியை எடுக்க வைத்தேன். முதல் பயணத்திலேயே ஏசியிலிருந்து ஒரு கரகரப்பு. காற்று வந்தது, குளிர்ச்சி வரவில்லை. அப்பா பயந்துபோனார். தன் நெஞ்சு வலித்தபோதுகூட அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி காரில் ஏறி உட்கார்ந்து, ஏசிக் காற்று வரும் துவாரத்துக்கு நேரே போனைப் பிடித்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து உனக்கு அனுப்பினார். "தம்பி, இது மொத ஸ்பீடு. இப்ப ரெண்டாவது வெக்கறேன், கேட்டுக்கோ" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி நடுநடுவே பேசியிருந்தார். நீல டிக் விழுந்தது. "கேஸ் போயிருக்கும், ஃபில் பண்ணச் சொல்லுங்க" என்று எழுதினாய். நீ கடைசிவரை கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். கடைசியில், சத்தமெல்லாம் முடிந்து, இன்ஜினையும் அணைத்த பிறகு, "பாப்பா நல்லா பேசறாளாடா? தாத்தான்னு சொல்றாளா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

நீ சொன்னபடி இங்கே திண்டிவனத்திலேயே ஒரு கடையில் கேஸ் அடித்தார்கள். கொஞ்ச நாள் குளிர்ந்தது. பிறகு பழையபடி ஆனது, கரகரப்பும் கூடியது. மறுபடி பதிவு செய்து அனுப்பினார். மறுபடி கேஸ் என்றாய். மறுபடி அடித்தார்கள். அடித்த கேஸ் எங்கே போகிறது என்று கடைக்காரரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அப்பாவுக்கு நீ சொன்னால் வேதம். "அவன் இன்ஜினியர்" என்பார். நீ கம்ப்யூட்டர் படித்தவன், கார் படித்தவன் இல்லை என்று சொன்னால், "அங்கெல்லாம் எல்லாரும் கார் வெச்சிக்கினு இருக்காங்க, தெரியாதா அவனுக்கு?" என்று என்மேல் எரிந்து விழுவார்.

பிறகு அந்தச் சித்திரை மாத நாள். உனக்கு அதை நாங்கள் சொல்லவில்லை, பயப்படுவாய் என்று. டாக்டரைப் பார்த்துவிட்டு விழுப்புரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. உச்சி வெயில். பக்கத்தில் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தன. ஏசியில் ஒரு பெரிய அரைபடும் சத்தம் வந்து, அதற்கப்புறம் வந்த காற்று அடுப்பங்கரைக் காற்று. கண்ணாடியை இறக்குங்கள் என்றேன். "வாணாம், புழுதி உள்ள பூந்துடும்" என்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மறுபடி சொன்னேன். "சீட்டெல்லாம் பாழாயிடும் டீச்சரம்மா, கொஞ்ச நேரம் கம்முனு இரு" என்றார். அவர் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். பேசிக்கொண்டிருந்தவரின் குரல் குழறியது. ஸ்டியரிங்கில் இருந்த கை நழுவி மடியில் விழுந்தது. நான் எட்டி அவர் பக்கத்துக் கண்ணாடியையும் என் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினேன். பின்னால் ஹாரன் அடித்தவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். சாலையோரத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து, குடத்துத் தண்ணீரை அவர் தலையில் கொட்டி, "இன்னாம்மா, இந்த வெயில்ல மனுசன கண்ணாடிக்குள்ள வெச்சி வேக வெச்சிக்கினு இருக்க!" என்று என்னைத் திட்டினாள். அந்தத் திட்டுக்கு நான் தகுதியானவள்தான் என்று வாங்கிக்கொண்டேன். கண் திறந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சீட்டு நனஞ்சிடுச்சா?"

தம்பி, அந்தக் கேள்வியை எழுதிவிட்டு இங்கே கொஞ்சம் நிறுத்தினேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் கோபத்தில் எழுதினால் எழுத்து சாய்ந்துவிடும், உனக்குத் தெரியும்.

அவர் தேறியதும், இனி யாரையும் கேட்கப் போவதில்லை, நானே பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன். ஒரு காலை வேளையில் காரை ஷெட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னேன். வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும். செடிக்கு வெளிச்சத்தையும் மாற்றி, தண்ணீரையும் மாற்றினால், அது ஏன் வாடியது என்று எப்படிச் சொல்வாய்? முதலில் இன்ஜின் மட்டும். சத்தம் இல்லை. பிறகு ஏசியைப் போடாமல் காற்றை மட்டும் போட்டேன். டேஷ்போர்டின் இடப்பக்கத்தில், சாமான் வைக்கிற பெட்டிக்குப் பின்னாலிருந்து கரகர என்றது. வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடியது. அப்பாவை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். இன்ஜின் உறுமியது, கரகரப்பு மாறவில்லை. அப்படியானால் அது உள்ளே காற்றை ஊதுகிற காற்றாடியின் சத்தம், இன்ஜினுக்கும் அதற்கும் உறவில்லை. பிறகு ஏசி பொத்தானை அழுத்தினேன். முன்னால் பானெட்டுக்குள் டக் என்று ஒரு சத்தம், அதையொட்டி மாவு இல்லாத கிரைண்டரில் கல் உரசுவதுபோல ஒரு சத்தம். இது காற்றின் வேகத்தோடு மாறவில்லை, ஆக்ஸிலேட்டரோடு மாறியது. பொத்தானை எடுத்தால் நின்றது. போட்டால் டக் என்று பிடித்து, உடனே டக் என்று விட்டு, மறுபடி பிடித்தது. மூச்சு வாங்குகிறவர் படியேறுவதுபோல.

"ரெண்டு சத்தமா இது?" என்று அப்பா வாயைப் பிளந்தார். "ஒண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்தேனே, இத்தினி நாளா!"

"ரெண்டு நோய்ங்க. ஒண்ணு உள்ள, ஒண்ணு முன்னால. ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுத்துக்கினு இருந்தோம்" என்றேன்.

உள்ளே இருந்ததை நாங்களே பார்த்தோம். பெட்டியைக் கழற்றி, பின்னால் கைவிட்டால், ஒரு கூடை வேர்க்கடலைத் தோல். புங்க இலை, கயிற்றுத் துண்டு, கார் உறையிலிருந்து கடித்து எடுத்த துணி நார் என்று சுற்றிலும் மெத்தென்று ஒரு கூடு. நம் நிலத்து மல்லாட்டை மூட்டையை ஷெட்டில் போட்டிருந்தோமே, அதிலிருந்து எலி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சாப்பிட்டிருக்கிறது. "இங்க பாரேன், குடும்பமே நடத்திக்கினு இருந்திருக்குது! வாடககூட குடுக்கல" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். உன் காரை ஆசை தீர அனுபவித்தது அந்த எலி ஒன்றுதான். சுத்தம் செய்ததும் கரகரப்பு போய்விட்டது. முன்னால் இருந்த சத்தம் எங்கள் கைக்கு மீறியது. விழுப்புரத்தில், திருவாமாத்தூர் போகிற சாலையில் செல்வம் என்று ஒருவர் ஏசி வேலை செய்கிறார். அவருடைய தங்கை என்னிடம் படித்தவள். ஒரு பிற்பகலில், சைக்கிள் வேகத்தில், கண்ணாடிகளைத் திறந்து வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

செல்வம் வாயாடி. கதவைத் திறந்ததும், "இன்னா சார் இது, சீட்டு கவரே பிரிக்கல? ஷோரூம்ல இருந்து நேரா இங்கதான் வர்றீங்களா?" என்றார்.

"பையன் வண்டிப்பா. அவன் வந்து பிரிப்பான்."

"எப்ப வர்றாரு?"

"வருவான்."

செல்வம் என்னைப் பார்த்தார். நான் பானெட்டைப் பார்த்தேன். காற்றாடிக் கதையையும், ஆக்ஸிலேட்டரோடு சத்தம் மாறுவதையும் சொன்னேன். "டீச்சர் பாதி வேலைய முடிச்சிட்டாங்க, பில்லுல பாதி அவங்களுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே குனிந்தார். கம்ப்ரஸரின் முன்பக்கத்தில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. அதன்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார். மெதுவாக ஒரு குமிழி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"இங்கதான் லீக்கு. முன்னாடி கேஸ் அடிச்சவங்க இத பாக்கலியா?"

"பையன் கேஸ் அடிக்கச் சொன்னான், அடிச்சோம்" என்றார் அப்பா.

"பேஜாரு சார். ஓட்டய அடைக்காம மேல மேல அடிச்சா, கேஸ் போறப்ப எண்ணெயையும் இஸ்துக்கினு பூடும். எண்ணெ இல்லாம சுத்தினா உள்ள ராவிக்கினு கத்தாம இன்னா பண்ணும்?" பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நாளு ஏசி போடாம வெச்சிருந்தீங்களா?" என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பரிசு வாங்கப் போகிற பிள்ளையின் முகம். "போடவே மாட்டேன். எஞ்சின மட்டும் கெளப்பி வெப்பேன். ஏசி தேயக் கூடாது பாரு."

"ஐயோ சார்!" செல்வம் தலையில் கை வைத்துச் சிரித்தார். "போடாததாலதான் பூட்ச்சி! இது ஓடினாத்தான் எண்ணெ சுத்தி வந்து சீலு மேல படும். சும்மா போட்டு வெச்சா ரப்பர் காஞ்சி வெடிச்சிடும். மழையோ குளிரோ, வாரத்துக்கு ஒரு தபா கொஞ்ச நேரம் ஏசி ஓடணும். நீங்க இத்த டாக்ஸிக்கு வுட்டிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. கம்ப்ரஸரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரப்படுத்தியதுதான் அதைக் கெடுத்தது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால், இத்தனை வருடமும் அதையே வேலையாகச் செய்தவர் என்ன செய்வார்? மெதுவாகப் போனை எடுத்தார். "தம்பிய ஒரு வார்த்த கேட்டுடறேன். அவன் வண்டி." ஸ்பீக்கரில் போட்டார், செல்வமும் கேட்கட்டும் என்று. இங்கே சாயங்காலம், உனக்குக் காலை. வேலைக்குப் போகிற வழியில் காரிலிருந்து பேசினாய். உன் காரில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தேன்.

நீ சொன்னதை நீ மறந்திருப்பாய். நான் ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். "அப்பா, கம்ப்ரஸர்லாம் மாத்தாதீங்க, பழைய வண்டிக்கு அது வேஸ்ட். வித்துடுங்க. நாங்கதான் இங்கயே இருக்கப் போறோமே, வீடு வேற வாங்கியாச்சி, அப்புறம் அந்த வண்டி எதுக்கு? சரிப்பா, ஆபீஸ் வந்துடுச்சி, அப்புறம் பேசறேன்."

போன் அணைந்த பிறகும் அப்பா அதைக் காதருகே வைத்திருந்தார். ஸ்பீக்கரில் பேசியதை மறந்துவிட்டார் போல. "வீடு வாங்கியாச்சா?" என்று அணைந்த போனிடம் கேட்டார். அதுவரை வாய் ஓயாத செல்வம் ஒரு ஸ்பேனரை எடுத்து, துடைத்து, வைத்து, மறுபடி அதையே எடுத்துத் துடைத்தார். "சார், டீ சொல்லட்டுமா?" என்றார். அப்பா போனையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்வம் எனக்குக் கேட்கும்படி, "வேலைய வுட்டுடட்டுமா டீச்சர்?" என்றார்.

"மாத்திடு" என்றார் அப்பா. "கம்ப்ரஸரு, பைப்பு, இன்னும் எது எது கெட்டுப் போச்சோ, எல்லாத்தயும் மாத்திடு."

"தம்பி வாணாம்னு சொல்றாரே சார்."

"ஓட்டப் போறது நாங்கப்பா."

தம்பி, நீ அங்கே தங்கிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, குற்றம் சொல்ல மாட்டேன். உன்னைப் படிக்க வைத்ததும், விமானம் ஏற்றியதும் நாங்கள்தான். போன பிள்ளை போன இடத்தில் வேர்விடுவது இயற்கை. நான் கேட்பது வேறு. வீடு வாங்குவது ஒரு நாளில் நடக்கிற காரியமா? எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து எங்களோடு பேசியிருப்பாய்? "எப்படா வர்ற?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்பா, லீவு பாக்கணும்" என்றாயே, அப்போது உன் கையில் அந்த வீட்டுச் சாவி இருந்திருக்கும். கடைசியில் அதை எங்கே சொன்னாய்? ஒரு கம்ப்ரஸரை மாற்றலாமா வேண்டாமா என்கிற கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னாய். அதற்கென்று ஒரு நாள், ஒரு தனி அழைப்பு வைத்து, "அப்பா, உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்" என்று சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார், திட்டியிருப்பார், ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்திருப்பார். பிறகு தேறியிருப்பார். அவரை எனக்குத் தெரியும். ஒரு மெக்கானிக் ஷெட்டில், அடுத்தவர் முன்னால், சாய்ந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கேட்க வேண்டிய செய்தியா அது?

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. அவர் சோர்ந்துபோகிற நேரமெல்லாம், "வேல அதிகமாம், அடுத்த பொங்கலுக்கு வந்துடுவான்" என்று அவருக்கு நம்பிக்கையை ஊற்றிக்கொண்டிருந்தது நான். கொஞ்ச நாள் தெம்பாக இருப்பார். மறுபடி குறையும், மறுபடி ஊற்றுவேன். ஓட்டை எங்கே என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

வண்டி கைக்கு வந்ததும் ஒரு காலையில், "கடலுக்குப் போகலாமா?" என்றார். நான் நம்பவில்லை. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்று அந்தக் காரைக் கடற்கரைப் பக்கமே விடாதவர் அவர். கிளம்பும் முன் சீட்டின் பிளாஸ்டிக் உறையை நான்தான் பிடித்து இழுத்தேன். கிழிக்க வேண்டிய வேலையே இல்லை. காய்ந்து மொடமொடத்துப்போய், தொட்டதும் கையோடு உதிர்ந்தது. அப்பா அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு, குப்பைக்காரர் வண்டியில் போட்டுவிட்டு வந்தார். பொம்மையார்பாளையம் வரை கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு போனோம். எனக்குக் குளிரில் காது வலித்தது. சொல்லவில்லை.

படகுகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தோம். உப்புக் காற்று உள்ளே வந்தது. கால் மண் உள்ளே வந்தது. படகுகளைப் பார்த்துக்கொண்டே, "நம்மகிட்ட ஏன் சொல்லல அவன்?" என்று கேட்டார்.

எத்தனையோ வருடமாக உனக்காகப் பதில் சொல்லியே பழகிய வாய் இது. வேலை, பாப்பாவுக்குக் காய்ச்சல், அங்கே குளிர், டிக்கெட் கிடைக்கவில்லை என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்றைக்குத் தேடிப் பார்த்தேன். இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

"ம்" என்றார். வீட்டுக்கு வந்து நான் மண்ணைத் தட்டப் போனபோது, "உடு, இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

இதுதான் வழி, தம்பி. விடையை முதலிலேயே சொல்லிவிட்டேன். கார் எங்களுடையது, ஓடுகிறது, விற்க மாட்டோம். காகிதம் உன் பெயரில் இருப்பதை மாற்றக் கையெழுத்து வேண்டும் என்றார்கள், அதை மட்டும் அனுப்பு. நீ என்றைக்காவது ஊருக்கு வந்தால், அப்பா சென்னைக்கு வந்து அழைத்துப் போவார் என்று எதிர்பார்க்காதே. நெஞ்சு வலிக்காரர் அத்தனை தூரம் ஓட்டக்கூடாது. திண்டிவனத்துக்கு நிறைய பேருந்துகள் இருக்கின்றன. நாங்கள் அதில்தான் போய்வந்தோம்.

இன்னும் ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை ஏசியை ஓடவிட வேண்டும் என்று செல்வம் சொன்னாரே, அதை அப்பா தவறாமல் செய்கிறார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை, நீ கூப்பிடுகிற நேரம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, போன் இருக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். இப்போது சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுகிறார். கூடத்து ஜன்னலை ஒட்டித்தான் ஷெட் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக எனக்கு அவர் தலை தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காருக்கு வயதாகிவிட்டது, அப்பாவுக்கும் காது மந்தமாகிவிட்டது, ஏசி சத்தத்தில் மணி கேட்காமல்தான் போனுக்கு வருவதில்லை என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். செல்வம் நல்ல வேலைக்காரர். ஏசியில் இப்போது துளிச் சத்தம் இல்லை. நீ கூப்பிடுவது அவருக்கு நன்றாகவே கேட்கிறது.

அம்மா